புல்லின் எடை

எங்கள் அடிஸ் அபாபாவில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையில் நான் உலை ஓட்டுகிறவன். தெவாபெச் அங்கே மேசைக்காரி. தினமும் லாரியிலிருந்து நூறு கிலோவை மேசையில் கொட்டி, காகிதம், பிளாஸ்டிக், காய்த்தோல் என்று பிரித்து நிறுத்துச் சொல்வாள். பொறியாளர் நெகாஷ் அதைக் கணினியில் போடுவான். நாளைக்கு உலை எவ்வளவு சூடு தரும், எவ்வளவு காற்று ஊத வேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லும்.

இதற்கு முன் இருபது வருஷம் அவள் குப்பைமேட்டில் பொறுக்கினாள். ஒரு நாள் மேடு சரிந்து அவள் தங்கையை விழுங்கியது. அவள் வீடு இன்னும் அந்த அடிவாரத்தில்தான்.

ஃபாசிகா என்ற எங்கள் ஈஸ்டருக்கு முன், இறைச்சி தொடாத ஐம்பத்தைந்து நாள் நோன்பு முழுக்கக் கணினி சொன்னது அப்படியே பலித்தது. மேலாளருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "ஃபாசிகா பண்டிகை முடிஞ்சதும் மேசையை எடுத்துடுங்க. இனி ஆள் எதுக்கு?" என்றார்.

தெவாபெச் நேராக நெகாஷிடம் போனாள்.

"தம்பி, நீ கணக்குப் போட்டது நோன்புக் குப்பை. ஃபாசிகா முடிஞ்சா வீட்டுக்கு வீடு தரையில பரப்பின பச்சைப்புல்லு வரும், ஆட்டுக்குடல் வரும். ஆட்டுத்தோலை வாங்க இப்ப நாதியில்ல, அதுவும் இங்கதான் வரும். லாரிக்கு மூணுல ஒரு பங்கு ஈரம். உன் நெருப்பு படுத்துடும்."

நெகாஷ் தலையில் அடித்துக்கொண்டான். "நானும்தானேக்கா நோன்பு இருக்கேன்! எப்படி மறந்தேன்?" அவள் சொன்னதையெல்லாம் கணினியில் ஏற்றினான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அடிப் பைத்தியக்காரி! வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா கணக்கு தப்பி உன் வேலை நிலைச்சிருக்குமே!"

"உலை நின்னா லாரி எங்க போகும்? என் வீட்டு மேல கொட்டும்," என்றாள்.

பண்டிகை வாரம் புல் குவிந்தது. கணினி சொன்னபடி குப்பையைக் குறைத்துப் போட்டு, காற்றைச் சுடவைத்து ஊதினேன். உலை நிற்கவில்லை, ஒரு லாரிகூட மேட்டுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மேசையை எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை தெவாபெச் கொக்கிக் கம்பியோடு மேட்டில் நின்றாள்.

ஜூனில் மழை பிடித்தது. கணக்குத் தப்பியது, உலை இரண்டு முறை அணைந்தது. நெகாஷ் நோட்டோடு மேட்டுக்கு ஓடினான். நானும் கூடப் போனேன்.

"அக்கா, மழைக்குப்பையில எவ்வளவு ஈரம் இருக்கும்? சொல்லுங்கக்கா."

"புல்லு வருஷாவருஷம் ஒரே புல்லு, சொன்னேன். மழை அப்படியா? இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. வாயால நிறுக்க முடியாது தம்பி. மேசையைப் போடு."

மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மறுநாள் மேசை பழைய இடத்துக்கு வந்தது, தெவாபெச்சும் வந்தாள். மேசையின் ஒரு முனையை நான்தான் தூக்கினேன்.