கை நிறைய வாட்ச்

தண்டையார்பேட்டை மார்க்கெட் ஓரத்தில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் அவரை ஒரே ஒரு முறைதான் சந்தித்தேன். ஒல்லியான மனிதர். வேலை முடிந்த வாட்சுகளை, ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத் தன் இடது கையிலேயே கட்டியிருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அடுத்தவர்களின் வாட்சுகள்.

அன்று காலை என் அப்பா மாடிப்படியில் விழுந்ததில் அவருடைய வாட்ச் கண்ணாடி உடைந்துவிட்டது. அவரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கண் விழித்ததும் முதலில் மணி பார்ப்பவர் அப்பா. நடுங்கும் கையால் வாட்சை நீட்டினேன்.

சில்லுகளைத் தட்டிவிட்டு, புதுக் கண்ணாடியை வைத்து அழுத்தினார். பிறகு அதையும் தன் கையில் கட்டப் போனார்.

"கட்டிக்காதண்ணா! எங்கப்பா ஆப்ரேசன்ல கீறாரு. நான் ஒடனே போவணும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். வாட்சை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நல்லா பொத்திக்கினு போம்மா. சூடு பட்டாத்தான் பசை புடிக்கும். வழில தொறந்துடாத, கண்ணாடி பேந்துரும்."

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ நகராமல் நின்றது. போன் அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது. விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். போன மாதம் அந்த வாட்சுக்கு செல் மாற்ற வேறொரு கடைக்குப் போனேன். இந்தக் கண்ணாடிக்குப் பசையே கிடையாது, அழுத்திப் பொருத்துவதோடு சரி என்றார் கடைக்காரர்.

ஆஸ்பத்திரி வாசலில் விரல்களைப் பிரித்தபோது என் கை நடுக்கம் நின்றிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.