திரையில் டிராயின் பெயர்

டிராய் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போனது ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் நடுப்பகலில். அவன் மனைவி கெய்லின் மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழி நூடுல்ஸை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் இடுப்பிலிருந்த பேஜர் அலறியது. பக்கத்துப் பண்ணையில் வைக்கோல் கொட்டகை எரிகிறது.

"என் தட்டுல யாரும் கை வைக்கக் கூடாது. ப்ரின், உன்னைத்தான் சொல்றேன். ஊர் ஊரா பட்டினி கிடந்து வந்தவ நீ!" என்று, ஊர் சுற்றிவிட்டு வந்து அவர்கள் வீட்டில் தங்கியிருந்த என்னைப் பார்த்துச் சொன்னான். குழந்தை ஜோசியின் உச்சியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினான். ஒஹாயோவில் எங்கள் ஊர் தீயணைப்புப் படையில் எல்லோரும் சம்பளமில்லாத் தொண்டர்கள்தான். நிலையத்துக்குப் போய் வண்டியேற நேரமில்லாததால், அவன் தன் பிக்கப் வண்டியிலேயே நேராகப் பண்ணைக்குப் போய்விட்டான்.

அவனுடைய அப்பா வெர்னன் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் மூலைக்கு நகர்ந்தார். என் அம்மாவின் அண்ணன் அவர், பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்ப்பவர். சமையலறை மூலையில் அவருடைய மடிக்கணினியும், அதில் செருகிய சின்ன ரேடியோக்களும், ஜன்னல் வழியே கூரைக்கு ஏறும் ஆன்டெனா கம்பியும் இருந்தன. எங்கள் மாவட்டத்தில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பனி தள்ளும் வண்டி எல்லாம் சில அலைவரிசைகளையே பங்கு போட்டுக்கொள்கின்றன. யார் பேச வாயெடுத்தாலும், அப்போது காலியாக இருப்பதை ஒரு கணினி ஒதுக்கிக் கொடுக்கும். பதில் வேறொன்றில் வரும். சாதாரண ரேடியோவில் கேட்டால் வெறும் இரைச்சல். மாமாவின் மென்பொருள் அந்த ஒதுக்கீட்டையே ஒட்டுக்கேட்டு, பேச்சைத் துரத்திப் பிடிக்கும். பேசுகிற ரேடியோவின் எண்ணும் திரையில் வந்து விழும்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு எண் மட்டும் போதாது. எந்த எண்ணில் யார் பேசுகிறார்கள் என்று வாரக்கணக்கில் கேட்டுக் கண்டுபிடித்து, எண் வரும் இடத்தில் பெயர் வரும்படி எழுதிவைப்பார்கள். அவர்களுடைய கௌரவமே அதில்தான். மாமாவின் திரையில் பாதி ஊர் இருந்தது. எங்காவது தீ என்றால், படையில் இருப்பவர்களின் மனைவிகள் நிலையத்துக்குப் போன் செய்ய மாட்டார்கள், அவருக்குத்தான் செய்வார்கள்.

"வெர்னன், எங்க ஆளு உயிரோட இருக்கானா, இல்ல நான் வேற ஆளு பாக்கணுமா?"

"இருக்கான், இருக்கான். இப்பத்தான் தண்ணி கேட்டுக் கத்துறான். அதிசயமா, பீர் கேக்கல!"

அன்று நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் ரேடியோவில் கூச்சல் எழுந்தது. பரண் சரிந்துவிட்டது, உள்ளே ஒருவர் சிக்கிக்கொண்டார். அலைவரிசையில் பெயர் சொல்வது வழக்கமில்லை. கெய்லின் கார் சாவியை எடுத்தாள்.

"எங்கம்மா போற?"

"வேற எங்க மாமா? அங்கதான்."

"உக்காரு. நீ போய் வண்டிக்குக் குறுக்க நிக்காத. இதோ பாரு." திரையில் பச்சையில் 'டிராய்' என்று எரிந்தது. ஒரு குரல் குழாயை இழுக்கச் சொல்லி உத்தரவிட்டது.

"அவர் குரல் மாதிரி இல்லையே மாமா?"

"முகமூடிக்குள்ள இருந்து பேசினா உன் குரலே உனக்குத் தெரியாது. இந்த டிஜிட்டல்ல எல்லாருமே டப்பாவுக்குள்ள உக்காந்து கத்துற மாதிரிதான் இருக்கும். குரல் ஏமாத்தும், நம்பர் ஏமாத்தாது."

மறுபடியும் பெயர் எரிந்தது. கெய்லின் சாவியை மேசைமேல் வைத்தாள். அப்போது போன் வந்தது. படையில் இருக்கும் ரஸ்ஸின் மனைவி டானா. மாமா திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "ரஸ் பேரு இன்னும் வரலம்மா... நீ எதுக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போ. அடிபட்டவனைத் தூக்கிட்டுப் போற ஹெலிகாப்டர் அங்கதான் இறங்குது."

மைதானம் எங்கள் தெருவின் கோடியில் இருக்கிறது. ஹெலிகாப்டர் கூரைக்கு மேலே போனபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஜோசியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்த கெய்லின் சொன்னாள்: "பாவம் டானா."

அது திரும்பிப் பறந்துபோன பிறகுதான் படைத்தலைவர் ஓப்லிங்கர் வந்தார். தலைக்கவசத்தைக் கையில் பிடித்திருந்தார்.

"ரஸ்ஸா?" என்று கேட்டாள் கெய்லின்.

"இல்லம்மா."

தீயணைப்பு வண்டியில் ரேடியோக்கள் ஆளுக்கு ஒன்றல்ல, இருக்கைக்கு ஒன்று. டிராய் எப்போதும் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில்தான் உட்காருவான். அந்த இருக்கையின் ரேடியோவுக்குத்தான் மாமா மகன் பெயரை வைத்திருந்தார். அன்று அவன் பிக்கப்பில் போய்விட்டதால் அந்த இடத்தில் ரஸ் ஏறினான். டிராய், தலைவரின் காரில் கிடந்த உபரி ரேடியோவை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அது ஒரேயொரு தடவை பேசியது. பெயரில்லாத வெறும் எண்ணாக வந்ததால் மாமா அதைப் பொருட்படுத்தவில்லை.

ஓப்லிங்கர் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே திரையில் 'டிராய்' எரிந்தது. ரஸ் இன்னொரு தண்ணீர் வண்டி கேட்டான். அந்தப் பெயர் அணையும்வரை கெய்லின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொலம்பஸ் மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் டிராய் இறந்துவிட்டான். அடக்கம் முடிந்து டானா வீட்டுக்கு வந்தாள். "அவன் கையை நான்தான் பிடிச்சிருந்தேன். கெய்லின் எங்கன்னு கேட்டான். அவ வந்துட்டே இருக்கான்னு சொன்னேன். வேற என்னடி சொல்லுவேன்?"

"நல்லதுதான் பண்ணின" என்றாள் கெய்லின். டானா போன பிறகு மாமாவிடம் திரும்பினாள். "பெத்த புள்ள குரல் உங்களுக்குத் தெரியல."

மாமா அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "நம்பர் அவனோடதுதாம்மா" என்றார்.

அந்த வாரமே அவள் குழந்தையோடு இண்டியானாவில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரில் யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. தேவாலயத்தில் கை குலுக்கினார்கள், வீட்டுக்கு இனிப்பு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் அடுத்த தீயின்போது அவருடைய போன் மணி அடிக்கவில்லை. டானா மட்டும் ஒருமுறை அழைத்தாள். கைதவறி அழுத்திவிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வசந்தகாலத்தில் மாவட்டம் பேச்சு முழுவதையும் சங்கேதமாக்கிப் பூட்டியது. குரல்கள் நின்றுபோயின. ஆனால் எண்கள் மட்டும் வழக்கம்போல வந்தன. ஓசையில்லாமல் பெயர்கள் எரிந்து அணைவதையும் மாமா உட்கார்ந்து பார்த்தார்.

"அவன் பேரையாவது எடுத்துடலாமே மாமா?" என்றேன்.

"எடுத்தா வெறும் நம்பராயிடும்" என்றார்.

அந்தச் சமையலறையில் என்னால் இருக்க முடியவில்லை. நான் மறுபடியும் கிளம்பிவிட்டேன். சில வருடங்கள் கழித்து, ஜார்ஜியாவில் ஒரு மலையூரில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது கெய்லினிடமிருந்து செய்தி வந்தது.

"ப்ரின், ஜோசி பிறந்தநாளுக்கு மாமா ஒரு ஸ்கேனர், அதான் ரேடியோ பேச்சை ஒட்டுக்கேக்குற பெட்டி, அனுப்பியிருந்தார். இந்த ஊர் தீயணைப்புக்காரங்க பேரையெல்லாம் எப்படியோ தேடிப் பிடிச்சு அதுல ஏத்தி வச்சிருக்கார். திருப்பி அனுப்பிட்டேன். பேத்தி குரலைக் கேக்கணும்னா போன் பண்ணச் சொல்லு. அவ இப்ப நல்லாப் பேசுறா. இதுவரைக்கும் அவர் ஒரு தடவைகூடப் பண்ணல."