பத்து மணி பஸ்

வாழவந்தியை விட்டுக் குப்பனூர்ப் பக்கமாக மலை ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். அப்பா தலையில் டிரங்குப் பெட்டி, அம்மா இடுப்பில் பாத்திர மூட்டை, என் கையில் பாய். முந்தின நாள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஏதோ கேட்க, அப்பா பதில் சொல்லாமல் நின்றிருக்கிறார். அவருக்கு வாயிலிருந்து வார்த்தை வர நேரமாகும். ரைட்டர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். வேலை போனது, வேலையோடு கொடுத்திருந்த வீடும் போனது.

வழியில் ஒரு காதுகுத்து இருந்தது. பத்திரிகை வந்தது அம்மாவின் சித்திக்கு, போனது நாங்கள். விசேஷ வீட்டுக்காரருக்குக் காப்பியும் மிளகும் போட்ட சொந்தக் காடு இருக்கிறது, ஆள் தேவைப்படலாம் என்பது அம்மாவின் கணக்கு. அப்பாவோ விசேஷ வீட்டில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத இடமாகப் பார்த்து நிற்கிற ஆள்.

அம்மா நடந்துகொண்டே பாடம் எடுத்தாள். “போனதும் வேலை வேணும்னு நிக்காதீங்க. விசேஷத்துல போயி அப்படிக் கேட்டா நல்லாவா இருக்கும்? மொதல்ல மழையக் கேளுங்க. அப்புறம் மிளகு. அப்புறம் புள்ளைங்க என்ன படிக்குதுன்னு கேளுங்க. பேச்சு அதுவா வரும்.”

ஒத்திகைக்கு நான்தான் வீட்டுக்காரர். ஓரிடத்தில் பெரிய சில்வர் ஓக் மரம் ரோட்டை அடைத்து விழுந்து கிடந்தது. அதன் மேல் ஏறி நின்றுகொண்டு அப்பா என்னைப் பார்த்து, “மழை எப்படிங்க?” என்றார்.

“நொம்பக் கம்மிங்க” என்றேன் நான், இல்லாத மீசையை முறுக்கி. அம்மா சிரித்ததில் மூட்டைக்குள் பாத்திரங்கள் குலுங்கின.

பந்தல் கண்ணில் பட்டதும் பெட்டி, மூட்டை, பாய் எல்லாவற்றையும் காப்பிச் செடிகளுக்குள் ஒளித்தோம். வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணத்தோடு எதிரே வந்தார். அப்பா கும்பிட்டார்.

“மழை எப்படிங்க, மிளகு எப்படிங்க, புள்ளைங்க என்ன படிக்குதுங்க?”

மூன்றும் ஒரே மூச்சில் தீர்ந்துவிட்டன. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்காரர் வரிசை மாறாமல் மூன்றுக்கும் பதில் சொன்னார். மழை பரவாயில்லை, மிளகு காய்த்திருக்கிறது, பெரியவள் காலேஜ். சொல்லிவிட்டு, “எந்த பஸ்ல வந்தீங்க?” என்றார்.

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி.

“பத்து மணி பஸ்ஸுங்க” என்றார் அப்பா.

நடந்துதானே வந்தோம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தோளைக் கிள்ளினாள். வீட்டுக்காரர் எங்கள் கால்களைப் பார்த்தார். முழங்கால் வரை செம்மண்.

“அந்த பஸ்ஸு எப்பவும் கூட்டந்தானுங்க. ஒக்காரக்கூட எடமிருக்காது. மொதல்ல சாப்புடுங்க.”

சாப்பிட்டு முடித்ததும் வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டோடு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மிளகு பறிக்க ஏணி ஏற ஆளே கெடைக்கறதில்லீங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கறாங்களா?”

அப்பா வெற்றிலையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். “ஒருத்தர் இருக்காருங்க.”

“ஆளு எப்படிங்க?”

“வேலை நல்லாச் செய்வாருங்க. பேச்சுதான் கொஞ்சம் கம்மி.”

“மிளகுக் கொடிகிட்ட என்னத்தப் பேசப் போறாரு? குடும்பத்தோட வருவாருங்களா? தோட்டத்து ஊடு ஒண்ணு சும்மாதான் கெடக்குது.”

“வருவாருங்க. ஒரு பையன் இருக்கான்.”

“காலையிலயே வேலைக்கு வரச் சொல்லிப்போடுங்க. சாமான் ஏதாச்சும் வெளிய வெச்சிருந்தாருன்னா, பனி எறங்கறதுக்குள்ள ஊட்டுக்குள்ள எடுத்து வெச்சுக்கட்டும்.”

அப்பா அவ்வளவு நேரம் ஒருவரோடு பேசி நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. நமக்கே வீடில்லை, இவர் யாரோ ஒருவனுக்கு வீடு பிடித்துக் கொடுக்கிறாரே!

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ பந்தல். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இரண்டு நிமிடத்தில் பேச்சை ஆரம்பித்துவிடுவேன். எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்றுதான் கேட்பேன். என்ன பதில் சொன்னாலும் நம்புவேன். மரம் விழுந்த அந்த ரோட்டில் அன்று ஒரு பஸ்ஸும் வரவில்லை என்பது அந்தப் பந்தலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அன்று ராத்திரி அந்தத் தோட்டத்து வீட்டில்தான் படுத்தோம். விடிந்ததும் எழுந்து, அந்த ஆள் குடும்பத்தோடு வந்துவிட்டால் மரியாதையாக இருக்காதே என்று பாயை நானே சுருட்டிக் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மரத்தில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு மிளகு பறிக்க ஏறிக்கொண்டிருந்தார்.