என் மகளின் நிக்காஹ்வைப் பொம்மையாக்கியவன்

என் ஒரே மகளின் நிக்காஹ் வீடியோவைப் பார்த்துவிட்டு நான் போனைச் சுவரில் அடிக்கப் போனேன். அறையில் கூட இருந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்த வீடியோ ரொம்பப் பிடித்துவிட்டது. "சூப்பரா இருக்குண்ணே, இன்னொரு வாட்டி போடுங்க" என்றார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

நான் அப்போது துபாயில் இருந்தேன். லீவு உண்டு, உண்டு என்று சொல்லிக்கொண்டே இருந்த மேனேஜர், டிக்கெட் எடுக்கும் நேரத்தில் கையை விரித்துவிட்டான். போனிலாவது நேரடியாகப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். வேலை இடத்துக்குள் நுழையும்போதே போனை வாங்கிப் பூட்டி வைக்கிற கம்பெனி அது.

எங்களில், இந்த மாப்பிள்ளைக்குச் சம்மதமா என்று பெண்ணிடம் போய்க் கேட்பது தகப்பன். எங்கள் ஊர் கோட்டக்குப்பத்திலிருந்து என் தம்பி, அவளுடைய சின்னத்தா, போய் என் இடத்தில் நின்று கேட்டான். அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்று பார்க்கத்தான் நான் வீடியோவுக்குக் காத்துக் கிடந்தேன். மற்றது எதுவும் எனக்கு வேண்டாம். பிரியாணியை நான் பார்த்ததில்லையா?

கல்யாணம் மாப்பிள்ளையின் ஊரான திண்டிவனத்தில். ஸ்டுடியோக்காரனும் அதே ஊர். பெண்கள் பக்கம் கேமராவோடு ஆண்கள் போகக் கூடாது என்பது வழக்கம். என் மனைவி ஒரு படி மேலே போய், படம் வெளியே சுற்றும் என்று பயந்து, பெண்களும் போனில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மாடியிலிருந்து ஜூம் பண்ணிப் பெண்ணை மட்டுமாவது எடு என்று என் மச்சான் ஸ்டுடியோக்காரனிடம் சொல்லியிருக்கிறார். அவனும் மாடிக்குப் போய்த் தன் வித்தையைக் காட்டிவிட்டான்.

உயரத்திலிருந்து எடுத்து, மேலேயும் கீழேயும் மங்கலாக்கி, நடுவில் ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டு, நிறத்தையும் வேகத்தையும் கூட்டினால் நிஜ மனிதர்கள் பொம்மைகளாகத் தெரிவார்கள். தொப்பி போட்ட பொம்மைகள் குடுகுடுவென்று வந்து உட்கார்ந்தன. பிரியாணி தேக்சாவைத் தூக்கிக்கொண்டு சில பொம்மைகள் ஓடின. பெண்கள் பக்கத்தை மறைத்துக் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம், மங்கலில், சிவப்பாக ஒரு புள்ளி. அது என் மகளாம். என் தம்பிப் பொம்மை விறுவிறுவென்று போய்க் குனிந்துவிட்டுத் திரும்பியது. சம்மதம் கேட்டாயிற்று.

லீவு கிடைத்து ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகத் திண்டிவனம் போனேன்.

"ஒரிஜினல் எங்கப்பா?"

"மெமரி கார்டு அடுத்த பங்ஷனுக்கு வேணுமில்லிங்களா, அழிச்சிட்டேன் பாய். இதான் இப்ப டிரெண்டு. எவ்ளோ பேர் லைக் போட்டுக்கினு கீறாங்க, பாருங்க."

"எம் பொண்ணு மூஞ்சி எங்க?"

"லேடீஸ் மூஞ்சி வெளிய தெரியக் கூடாதுன்னு உங்க வீட்லயே சொன்னாங்களே. அதான் பிளர்ல வுட்டேன்."

கெட்ட வார்த்தை வாய் வரை வந்தது. அவன் சொன்னது உண்மைதான், அதில் இன்னும் எரிந்தது. என் மனைவி நியாயமாகத்தான் பயந்தாள். என்னைப் பிடித்து வைத்தவன் மேனேஜர். அவனை அறைய முடியாமல் இவன் மேசையை ஓங்கித் தட்டிவிட்டு வந்தேன். யார் மேல் கோபம் என்று தெரிந்துவிட்டால் கோபம் போய்விடுமா என்ன?

அங்கிருந்து மகள் வீட்டுக்குப் போனேன். டீயைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வீடியோல என்னப் பார்த்தீங்களா, அத்தா?"

"பார்த்தேம்மா."

"சின்னத்தா வந்து கேட்டப்ப எல்லாரும் தலையக் குனி, குனின்னாங்க. நான் குனியவே இல்ல. மாடில கேமரா இருந்துச்சில்ல, அதப் பார்த்துக்கினுதான் சம்மதம்னு சொன்னேன். உங்ககிட்டத்தான சொல்லணும்?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதா, அத்தா?"

"நல்லாத் தெரிஞ்சுதும்மா" என்றேன்.

அவன் வீடியோவைக் கெடுத்ததைக்கூட ஒருநாள் விட்டுவிடுவேன். என் மகளிடம் என்னைப் பொய் சொல்ல வைத்தானே, அதை விடமாட்டேன்.