விலை கேட்காத பூ

மருமகளின் வளைகாப்புக்கு என் மகன் பூக்கடையில் விலை கேட்காமலே சாமந்தியை நிறுக்கச் சொன்னான். ஈரச்சாக்கின் வாசனை என்னைச் சின்ன வயதுக்கு இழுத்துப் போனது.

செஞ்சியில் என் அப்பா பூமண்டி வைத்திருந்தார்; நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கல்யாண மாதத்தில் அம்மா பிரசவத்துக்குப் பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து ஒருநாள் காலை அம்மாவின் தம்பி, என் மாமா, சைக்கிளில் வந்தார். முழம் பூவுக்கும் பேரம் பேசுகிற மனிதர், “ரெண்டு கூடை சாமந்தி கட்டுங்க மச்சான்” என்று மட்டும் சொன்னார்.

தொட்டிலுக்குத்தான் பூ என்று நான் குதித்தேன். “தம்பி பொறந்துட்டானா மாமா?”

சாவுக்கு வாங்கும் பூவுக்கு எங்கள் பக்கம் யாரும் விலை பேசுவதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நைனா தராசைக் கீழே வைத்தார். “இன்னா வெலன்னு கேளுடா,” என்றார். “ஒருவாட்டி கேளுடா.”

மாமா விலை கேட்காமலே கூடைகளைத் தூக்கிச் சைக்கிளில் கட்டினார். அம்மா வீடு திரும்பவே இல்லை.

“கொஞ்சம் கொறச்சிக் கேளுடா,” என்று என் மகனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.