கொடுமுடித் தீர்த்தம் சுமந்த கார்

பல்லடம் சுப்பண்ணனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாப்பிடும்போதே எழுந்து போய்க் கோழிப்பண்ணைக்குத் தீவனம் வந்ததா என்று பார்ப்பார். வந்திருந்தால், ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தது என்று அதற்கும் ஒரு கவலை. அறுபதை நெருங்கும் அந்த மனிதரிடம் அவரைவிட வயதில் குறைந்த, ஆனால் அவரைவிட அதிகமாக இருமும் ஒரு சீமைக் கார் இருந்தது. எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போனது. "இதை ஓட்டறதுக்குத் தள்ளறதே சுலுவுங்க" என்பாள் அவர் மனைவி சாந்தாமணி.

தொண்ணூற்றைந்தில் தங்கை பாவாத்தாள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பாவாத்தாள் வாழ்க்கைப்பட்டது கொள்ளேகால் பக்கம், காவேரிக் கரையிலேயே. ஆனாலும் முகூர்த்தக்காலுக்குத் தெளிக்கக் கொடுமுடித் தீர்த்தம்தான் வேண்டும் என்றாள். கொங்கு வழக்கம் அது. "அண்ணன் கையால அந்தத் தண்ணி வந்தாத்தானுங்க நம்மூர்ல கல்யாணம் நடந்த மாதிரி" என்று போனில் அவள் சொன்னது சுப்பண்ணன் காதைவிட்டுப் போகவில்லை. பஸ்ஸில் போயிருக்கலாம். தாய்மாமன் பஸ்ஸில் போய் இறங்குவதா?

கொடுமுடி ஆற்றில் பித்தளைக் குடத்தை நிறைத்து, வாயில் வாழையிலை கட்டிச் சாந்தாமணியின் மடியில் வைத்தார். கார் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடியது. ஓட விட்டால்தானே! ஈரோட்டில் நிறுத்திப் பானட்டைத் திறந்தார். கோபியில் திறந்தார். சத்தியமங்கலம் பெட்ரோல் பங்கில் திறந்து, ரேடியேட்டர் மூடியைச் சரியாகத் திருகாமல், கொண்டுவந்த தண்ணீர் கேனையும் அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்றால் அவருக்கு அல்வா.

திம்பம் மலையில் பாதி ஏறியதும் பானட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. இருந்த தண்ணீரெல்லாம் கொதித்துப் போய்விட்டது. கை காட்டியும் லாரிகள் நிற்கவில்லை. சந்தனக் கடத்தல் கும்பலுக்குப் பயந்து அந்த வருஷங்களில் அந்தக் காட்டில் யாரும் நிற்க மாட்டார்கள். பொழுது சாய்ந்தால் செக்போஸ்ட்டை அடைத்துவிடுவார்கள். விடிந்தால் முகூர்த்தக்கால். சுப்பண்ணன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண் மட்டும் குடத்துக்கே போயிற்று.

"அதைத் தொட்டுப்போடாதீங்க."

"தொடாம எப்படிப் போய்ச் சேர்றது, நீயே சொல்லு."

எஞ்சின் ஆறியதும் சாந்தாமணியே இலையை அவிழ்த்துக் குடத்தை நீட்டினாள். தீர்த்தம் முழுவதும் ரேடியேட்டருக்குள் போனது. இந்தத் தடவை மூடியை இறுகத் திருகினார்.

கொள்ளேகால் தாண்டியதும் காவேரி தெரிந்தது. "இங்கயும் அதே ஆறுதானுங்க, ஒரு குடம் மொண்டுக்கலாம். ஆருக்குத் தெரியப்போகுது" என்றாள் சாந்தாமணி. சுப்பண்ணன் குடத்தோடு இறங்கி முழங்கால் தண்ணீர் வரை போனார். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் செய்யலாம் என்பார்கள்; அவருக்கு அந்த ஒரு பொய் வரவில்லை. வெறுங்குடத்தோடு திரும்பினார்.

கல்யாண வீட்டு வாசலில் கார் நின்றதும் பாவாத்தாள் ஓடிவந்தாள். குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார் சுப்பண்ணன்.

"தீர்த்தம் கொண்டாரல, அம்மணி. மலையில வண்டிக்கு ஊத்திப்போட்டேன்."

பாவாத்தாள் காரைப் பார்த்தாள்.

"நடுவுல வேற தண்ணி ஊத்துனீங்ளாண்ணா?"

"ஒரு சொட்டு ஊத்தல."

"அப்பறம் எதுக்குக் கொண்டாரலீங்கறீங்க? வண்டி ஆறட்டும், தொறந்து உடுங்க." குடத்தை வாங்கி அவளே காரடியில் வைத்தாள்.

புது வேட்டியோடு காரடியில் படுத்து ரேடியேட்டர் குழாயைத் திறந்தார் சுப்பண்ணன். டீ நிறத்தில், துரு வாசத்தோடு, கொடுமுடித் தண்ணீர் குடத்தில் இறங்கியது. அவர் அழுதுகொண்டிருந்ததை மேலே நின்றவர்கள் யாரும் பார்க்கவில்லை.

விடியற்காலையில் அந்தத் தண்ணீரைத்தான் மாவிலையால் தெளித்தார்கள். கால் நட்டு, பூசை முடிந்து, பந்தி பரிமாறும்வரை சுப்பண்ணன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.