அளவெட்டியில் ஒரு வாடகை அறை

அளவெட்டியில் ஒரு கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. கடந்த ஆனி மாதம் அலுவலகத்தில் மூன்று நாள் விடுமுறை சேர்ந்து கிடைத்ததால் கொழும்பிலிருந்து தனியாகப் புறப்பட்டேன். கோட்டை நிலையத்தில் காலை ரயில் ஏறி மதியம் 1.10க்கு யாழ்ப்பாணத்தில் இறங்கினேன். இதேபோல் போக நினைப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் நாதஸ்வரத்தைப் பற்றிக் குறைவாகவும் தங்கிய வீட்டைப் பற்றி அதிகமாகவும் வந்துவிட்டது.

நிலைய வாசலில் கிடைத்தது ரிஸ்வானின் ஓட்டோ. இரண்டு நாளுக்கும் சேர்த்து 9,000 ரூபா பேசிக்கொண்டோம். அளவெட்டி 14 கிலோமீற்றர், நாற்பது நிமிட ஓட்டம். வழியில் கதைத்துக்கொண்டே வந்தார். 1990இல், போர்க்காலத்தில், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்குப் பதினைந்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்து, பத்து வருடங்களுக்கு முன்னர் திரும்பி வந்தவர். மகள் ஷஃப்னா கணித ஆசிரியை. நியமனம் கிடைத்த பள்ளிக்கூடம் அளவெட்டிக்குப் பக்கத்தில். தினமும் காலை 5.40க்கு வீட்டைவிட்டு இறங்கி இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.

நான் பதிவு செய்திருந்த வீடு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருடையது. ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர். கேற்றடியில் நின்றே, பிள்ளை எவடம் என்று கேட்டார். கொழும்பு என்றேன். அது தெரியும், சொந்த இடம் எது என்றார். தென்மராட்சியில் அப்பாவின் ஊரையும், கோயிலுக்குப் பக்கத்து வீடு என்பதையும் சொன்னேன். "அப்ப எங்கடை ஆக்கள்தான்" என்று முகம் மலர்ந்தார். முற்பணம் வேண்டாமென்று சொல்லி முன்கதவுப் பூட்டின் திறப்பைக் கையில் தந்தார். உபசரிப்பு என்றால் இதுதான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ரிஸ்வானின் பெயரையும் கேட்டார். அவர் சொன்னதும், "நல்லாத் தமிழ் கதைக்கிறீர்" என்று பாராட்டினார். தமிழைத் தவிர வேறொன்றும் வீட்டில் பேசியறியாத மனிதர் "ஓம் ரீச்சர்" என்றார். ரீச்சர் சிரிக்க, நானும் சேர்ந்து சிரித்தேன். அதை இங்கே மறைக்கவில்லை.

மதிலில் "அறை வாடகைக்கு உண்டு" என்ற பலகை தொங்கியது. ரிஸ்வான் அதைப் பார்த்து, மகளுக்குச் சரிவருமா என்று தயங்கினார். பள்ளிக்கூடம் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர்தான். நில்லுங்கோ, நான் கேட்கிறேன் என்று உள்ளே போனேன். அவரும் பின்னால் வந்து படியடியில் நின்றார். யாருக்கு அறை என்று விபரமாகச் சொன்னேன். அதற்கு ஆட்கள் வந்து பேசி முடித்தாயிற்று, பலகையைத்தான் இன்னும் கழற்றவில்லை என்றார் ரீச்சர்.

கோயிலில் நாலரை முதல் ஆறரை வரை வாசிப்பு. அதைச் சொல்லில் எழுத எனக்குத் தெரியாது. போய்க் கேளுங்கள்.

ஏழரைக்குப் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறியபடி ரீச்சர் சொன்னார்: "அந்த அறை சும்மா கிடக்குது பிள்ளை. ஆரும் மாற்றலாகி இஞ்சாலை வந்தாச் சொல்லுங்கோ. நல்ல ஆக்களாப் பாத்து."

"பேசி முடிஞ்சுது எண்டியள்?"

"அந்த ஓட்டோக்காரர் வேற ஆக்கள் பிள்ளை. எனக்கு ஒண்டுமில்லை, அக்கம்பக்கம் கதைக்கும்."

குழம்பு இன்னும் கொஞ்சம் விடட்டுமா என்று கேட்பதுபோலவே அதையும் சொன்னார். கெட்ட மனம் உள்ளவரல்ல. அந்தப் பிள்ளையும் உங்களைப் போல ஒரு ரீச்சர்தான் என்றேன். அன்று மத்தியானம் ரிஸ்வான் தந்திருந்த ஷஃப்னாவின் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி வானொலிக்கு அடியில் வைத்தார். நான் பிட்டைச் சாப்பிட்டு முடித்தேன். என் எதிர்ப்பு அவ்வளவுதான்.

மறுநாள் காலை 6.30க்கு ரிஸ்வான் வந்தார். காங்கேசன்துறை அங்கிருந்து 8 கிலோமீற்றர். பழைய சீமெந்துத் தொழிற்சாலையைத் தாண்டிக் கடற்கரையில் நிறுத்தியதும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் எஞ்சினை நிறுத்தினார்.

"நீங்கள் கேட்டது நல்லதுதான் தங்கச்சி. கேட்டாக் குடுப்பினம் எண்டு நினைச்சியள் பாருங்கோ. எனக்கு அப்பிடி ஒருநாளும் நினைக்க வந்ததில்லை."

கோபம் இல்லை. பக்கத்துக் கடையில் நல்ல தேத்தண்ணி கிடைக்கும் என்று கூட்டிப்போனார்.

போகிறவர்களுக்குச் சில விபரங்கள். கோயில் வீதி மணல் பகலில் சுடும். நாலு மணிக்குப் பிறகு போங்கள். காங்கேசன்துறைக் கடற்கரைக்கு எட்டு மணிக்கு முன்னர் போனால் நிழலிருக்கும். ஓட்டோக்காரரிடம் கூலி பேசுங்கள், ஊரும் சாதியும் சமயமும் கேட்காதீர்கள். உங்களிடம் சொந்த இடம் எதுவென்று யாராவது கேட்டால், அந்தப் பதிலுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள்.

கொழும்புக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் ரீச்சர் அழைத்தார். ஷஃப்னாவை அல்ல, என்னை. அறைக்கு வேறு யாரும் வரவில்லை. அந்தப் பிள்ளை எப்படி என்று கேட்டார். பிறகு, "நீங்கள் பொறுப்பு நிப்பியளோ?" என்றார். நிற்கிறேன் என்றேன். அந்த ஞாயிறு ஷஃப்னா குடிபோனாள்.

ஷஃப்னாவை நான் பார்த்ததே இல்லை. நான் அந்த வீட்டில் ஒரு இரவு மட்டும் தங்கியவள். அவளுடைய நல்ல குணத்துக்கு நான் பொறுப்பு நிற்க வேண்டியிருந்தது. என்னுடையதற்கு அப்பாவின் ஊர்ப் பெயர் போதுமாயிருந்தது. நன்றி சொல்ல ரிஸ்வான் அழைத்தபோது இதைத்தான் சொல்ல நினைத்தேன். "பரவாயில்லை அண்ணை" என்று மட்டும்தான் வாயில் வந்தது.